கொட் மீனைத் தின்றது யார்? கடல்நாயின் கொழுப்பு சொல்லும் சாட்சி

1992 ஜூலையில் கனடா அரசாங்கம் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் கொட் மீன்பிடிக்குத் தடை விதித்தது. ஏறத்தாழ 30,000 பேர் தொழிலை இழந்தனர். அடுத்த ஆண்டு நோவா ஸ்கோஷியாவின் கிழக்குக் கடலிலும் அதே தடை வந்தது. பல தசாப்தங்களாக அளவுக்கு மீறிப் பிடித்ததே இந்த வீழ்ச்சிக்கு முக்கிய காரணம் என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. ஆனால் வலைகளை நிறுத்தி ஆண்டுகள் பல கடந்த பின்னும் மீன் ஏன் பெருகவில்லை என்ற கேள்விக்குத்தான் விடை தேவைப்பட்டது.

மீனவர்கள் பலர் சுட்டிக்காட்டியது சாம்பல் நிறக் கடல்நாய்களை. ஹலிஃபக்ஸ் நகரிலிருந்து சுமார் 300 கிலோமீற்றர் தொலைவிலுள்ள சேபிள் தீவில்தான் இவற்றின் உலகிலேயே பெரிய இனப்பெருக்கக் கூட்டம் இருக்கிறது. 1960களில் ஆண்டுக்குச் சில நூறு குட்டிகளே அங்கு பிறந்தன. 2016 இல் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 87,000. இவ்வளவு விலங்குகளும் எதைத் தின்கின்றன?

நடுக்கடலில், நீருக்கு அடியில் இரை பிடிக்கும் விலங்கைப் பின்தொடர்ந்து பார்க்க முடியாது. எனவே நீண்டகாலமாக ஆய்வாளர்கள் கரையில் கிடக்கும் அதன் மலத்தைக் கரைத்து, அதிலுள்ள மீன்களின் காதுக்கற்களைப் பொறுக்கி எடுத்தார்கள். ஒவ்வொரு மீனினத்தின் காதுக்கல்லும் ஒவ்வொரு வடிவம். ஆனால் சிறிய கற்கள் வயிற்றிலேயே கரைந்துவிடும். பெரிய மீனின் வயிற்றுப் பகுதியை மட்டும் கடித்துவிட்டுத் தலையை விட்டால் கல்லே கிடைக்காது. கிடைத்தாலும், கரைக்கு வருவதற்குச் சற்று முன் தின்ற இரையை மட்டுமே அது காட்டும்.

தின்றது கொழுப்பில் தங்கும்

ஹலிஃபக்ஸிலுள்ள டல்ஹவுசி பல்கலைக்கழகத்தின் சாரா ஐவர்சனும் சகாக்களும் வேறு இடத்தில் தேடினார்கள். கடல்நாய், திமிங்கலம் போன்றவற்றின் தோலுக்குக் கீழ் தடித்த கொழுப்புப் படை உண்டு. குளிரைத் தாங்குவதும், உணவில்லாத நாட்களில் உயிர் காப்பதும் அதுதான்.

கொழுப்பு, கொழுப்பமிலங்களால் ஆனது. புரதமும் மாப்பொருளும் சமிபாட்டின்போது அடையாளம் இழந்துவிடும். நீண்ட சங்கிலி கொண்ட கொழுப்பமிலங்கள் பலவோ பெரிதாக மாறாமல் உடற்கொழுப்பில் போய்ச் சேருகின்றன. சிலவற்றை முலையூட்டிகளின் உடலால் உருவாக்கவே முடியாது. ஒமேகா-3 அதற்கு உதாரணம். அவை இருந்தால், உணவிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். கடலில் எந்த மீன் எதைத் தின்று வளர்கிறது என்பதைப் பொறுத்து அதன் கொழுப்பமிலக் கலவையும் வேறுபடும்.

செய்முறை இதுதான். விலங்கைக் கொல்லாமல், சிறிய குழாய்க் கத்தியால் கொழுப்பில் ஒரு துண்டு எடுப்பார்கள். ஆய்வுகூடத்தில் கொழுப்பைப் பிரித்து, காஸ் குரோமட்டோகிராபி கருவியில் ஏற்றினால் ஏறத்தாழ 70 வகைக் கொழுப்பமிலங்களின் விகிதம் தெரியும். அதே கடலின் மீன்களை முழுதாக அரைத்து, அவற்றின் கலவையையும் முன்கூட்டியே பட்டியலிட்டிருப்பார்கள். எந்தெந்த மீன்கள் எந்த அளவில் சேர்ந்தால் இந்தக் கடல்நாயின் கொழுப்பு வரும் என்று கணினி கணக்கிடும். உடல் சில அமிலங்களைக் கூட்டியும் குறைத்தும் சேமிப்பதால், தெரிந்த உணவைக் கொடுத்து வளர்த்த விலங்குகளைக் கொண்டு திருத்தக் காரணிகளும் கண்டறியப்பட்டன. இந்த முறை 2004 இல் முழுமையாக வெளியிடப்பட்டது. வாரங்கள், மாதங்கள் கணக்கான உணவை இது காட்டுகிறது.

தீர்ப்பு எளிதல்ல

சேபிள் தீவுக் கடல்நாய்களின் கொழுப்பில் பெரும்பங்கு வகித்தவை சாண்ட் லான்ஸ் என்ற சிறு மீனும் ரெட்ஃபிஷும். கொட் மீனின் பங்கு சிறியதாகவே இருந்தது. ஆண் விலங்கும் பெண் விலங்கும் ஒரே உணவைத் தின்பதில்லை என்பதும் தெரியவந்தது.

ஆனால் இதை வைத்துக் கடல்நாய்களை விடுதலை செய்துவிட முடியாது. சென் லோரன்ஸ் வளைகுடாவுக்கு அருகே, குளிர்காலத்தில் கொட் மீன்கள் கூட்டமாகத் தங்கும் இடத்தில் பிடிபட்ட ஆண் கடல்நாய்களின் வயிற்றையும் குடலையும் ஆராய்ந்தபோது கொட் மீன் கணிசமாக இருந்தது. எங்கே, எப்போது, எந்த விலங்கில் மாதிரி எடுத்தோம் என்பதே விடையை மாற்றுகிறது.

முறைக்கும் எல்லைகள் உண்டு. பட்டியலில் இல்லாத மீனைக் கணினியால் கண்டுபிடிக்க முடியாது. கொட் மீனின் சதையில் கொழுப்பு மிகக் குறைவு; அது ஈரலில்தான் சேர்கிறது. கொட்லிவர் எண்ணெய் வருவது அங்கிருந்துதான். ஆகவே கொழுப்பு குறைந்த மீனின் சுவடும் மெல்லியதாகவே விழும். அதைக் கணக்கில் சரிசெய்ய வேண்டும். திமிங்கலங்களில் இன்னொரு சிக்கல்: தொலைவிலிருந்து எய்யும் அம்பு மேற்படையை மட்டுமே எடுத்துவரும். உணவின் சுவடு தெளிவாக இருப்பதோ உட்படையில்.

இந்தக் கணக்கு ஆய்வுகூடத்தோடு முடிகிற விடயமல்ல. 2012 இல் கனடா செனட் குழுவொன்று, வளைகுடாவின் தென்பகுதியில் நான்கு ஆண்டுகளில் 70,000 சாம்பல் நிறக் கடல்நாய்களைக் கொல்லப் பரிந்துரைத்தது. அந்த அளவில் அது நடைமுறைக்கு வரவில்லை. ஒரு பக்கம் தொழிலிழந்த மீனவக் குடும்பங்கள். மறுபக்கம் பல்லாயிரம் விலங்குகளின் உயிர். எந்தப் பக்கம் முடிவெடுப்பதானாலும், எந்த விலங்கு, எந்தக் கடலில், எந்தப் பருவத்தில் எதைத் தின்றது என்ற கேள்விக்கு முதலில் விடை வேண்டும். கொழுப்புத் துண்டு அதற்கு ஒரு சாட்சி. அதன் வாக்குமூலத்தை மற்றச் சாட்சிகளோடு சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.