படுத்தெழ இடம்

குதிரை நின்றுகொண்டே உறங்கும் என்பது பலரும் அறிந்த செய்தி. கால் மூட்டுகளைத் தசைநாண்களாலும் இணைப்புநார்களாலும் பூட்டிக்கொண்டு, தசைகளுக்கு அதிக வேலை இல்லாமல் நிற்கும் அமைப்பு அதன் உடலிலேயே இருப்பதால் அது இயலுகிறது. ஆனால், இமைக்குள் கண்கள் விரைந்து அசையும் கனவு உறக்கம் தசைகள் முழுவதும் தளர்ந்தால்தான் வரும் என்பதால், அதற்குக் குதிரை படுத்தே ஆக வேண்டும். படுக்க இடமின்றி நாள்கணக்கில் கழிக்க நேரும் குதிரை, தூக்கம் மேலிட்டு முன்கால்கள் மடங்கி விழுந்து காயப்படுவதும் உண்டு. ஆகவே, லாயம் கட்டுபவர் நிற்கும் குதிரையின் நீள அகலத்தைக் காட்டிலும், அது படுத்துப் புரண்டு எழுவதற்கு வேண்டிய இடத்தையே கணக்கில் கொள்ள வேண்டும்.

மாடு எழும்போது பின்பகுதியை முதலில் தூக்கும். குதிரையோ முன்கால்களை நீட்டி ஊன்றி, தலையையும் கழுத்தையும் முன்னே வீசி, அந்த உந்துதலில்தான் பின்பகுதியைக் கிளப்பும். பழைய மாட்டுக் கொட்டிலைத் தடுத்துக் குதிரையைக் கட்டுவோர் பெரும்பாலும் மறந்துவிடுவது இந்த வேறுபாட்டைத்தான். இடம் குறுகலாக இருந்தால், புரளும் குதிரை சுவரோரம் ஒண்டி, கால்கள் சுவரில் முட்டி, எழவும் முடியாமல் திரும்பிப் புரளவும் முடியாமல் சிக்கிக்கொள்ளும். அரை டன் எடையுள்ள விலங்கு அவ்வாறு நெடுநேரம் கிடந்தால், அதன் எடையே அழுத்தித் தசைகளையும் நரம்புகளையும் கெடுத்துவிடும். கயிறிட்டுப் புரட்டி மீட்க வருபவர்களுக்கும் உதறும் குளம்புகளால் ஆபத்து நேரலாம். சுவரோரமாக வைக்கோலைக் கரை போல உயர்த்திப் போடும் வழக்கம் இந்த விபத்தைத் தடுக்கவே ஏற்பட்டது, எனினும் அது போதிய பரப்புக்கு மாற்றாகாது.

குதிரையின் உயரத்தைக் கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டிலிருந்து தரைவரை அளப்பார்கள். ஆங்கிலேய வழக்கில் அதற்கான அலகு ‘கை’ எனப்படும். ஒரு கை 4 அங்குலம். 14.2 கை என்று எழுதப்பட்டால், அது 14 கையும் 2 அங்குலமும், அதாவது 58 அங்குலம் என்று பொருள்படுமே தவிர, அங்குள்ள புள்ளி தசமப் புள்ளி அன்று. அந்த உயரத்தைத் தாண்டாதவை பொதுவாக மட்டக்குதிரைகள். பிரிட்டிஷ் குதிரைச் சங்கம் மட்டக்குதிரைக்கு 10 அடிக்கு 10 அடியும், சற்றுப் பெரிய மட்டக்குதிரைக்கு 10 அடிக்கு 12 அடியும், முழு உயரக் குதிரைக்கு 12 அடிக்கு 12 அடியும், மிகப் பெரியதற்கு 12 அடிக்கு 14 அடியும், குட்டி ஈனும் பெட்டைக்கு 14 அடிக்கு 14 அடியும் பரிந்துரைக்கிறது. 10 அடிக்கும் 14 அடிக்கும் இடையே பக்கத்தில் 4 அடிதான் வேறுபாடு. பரப்போ 100 சதுர அடியிலிருந்து 196 சதுர அடியாகிறது.

ஜெர்மனியின் வேளாண் அமைச்சகம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுநெறி அட்டவணையை விடுத்து ஒரு சூத்திரத்தைத் தருகிறது. அதன்படி, குதிரையின் உயரத்தை இரட்டித்து, வரும் தொகையை அதனாலேயே பெருக்கினால் கிடைப்பது தனி அறையின் குறைந்தபட்சப் பரப்பு. 16 கை உயரமுள்ள, அதாவது ஏறத்தாழ 1.63 மீட்டர் உயரமுள்ள குதிரைக்கு இக்கணக்கு 10.6 சதுர மீட்டரைத் தருகிறது. 12 அடிச் சதுர அறையோ 13.4 சதுர மீட்டர். சூத்திரம் சொல்வது தாழ்ந்த எல்லையை மட்டுமே என்பதால், புதிதாகக் கட்டுபவர் பிரிட்டிஷ் அளவைப் பின்பற்றுவதே நல்லது. அறை பெரிதானால் படுக்கைக்கு வைக்கோல் கூடுதலாகச் செலவாகும் என்பது உண்மைதான், ஆனால் சிறிய அறையில் இலத்தியும் மூத்திரமும் ஒரே இடத்தில் மிதிபட்டு, படுக்கை முழுவதுமே விரைவில் கெட்டுவிடுவதால், அந்தச் சிக்கனம் பெரிதாக மிச்சப்படுத்துவதில்லை.

நீள அகலத்தோடு உயரத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும். குதிரை வாயால் மூச்சு விடாது, மூக்கு வழியாக மட்டுமே சுவாசிக்கும். நனைந்த படுக்கையிலிருந்து எழும் அம்மோனியா வாயுவும் வைக்கோல் தூசியும் தாழ்ந்த கூரையின் கீழ் தேங்கினால் நுரையீரல் பாதிக்கப்படும். தலையை வெடுக்கென்று தூக்கும்போது உச்சி இடிக்காத உயரமும் வேண்டும். தகரக் கூரை போடும் வெப்ப நாடுகளில் இன்னும் உயர்த்திக் கட்டி, மேலே காற்றுப்போக்கி வைப்பது அவசியம். வாசல் 4 அடிக்குக் குறைந்தால் குதிரையின் இடுப்பெலும்பு நிலையில் மோதும். கதவு வெளிப்புறமாகவே திறக்க வேண்டும், ஏனெனில் உள்ளே கதவோரம் விழுந்து கிடக்கும் குதிரையிடம் போய்ச் சேர வேறு வழி இராது.

ஆயினும் எந்த அறையும் வெளியில் திரிவதற்கு ஈடாகாது. மேய்ச்சல் நிலத்தில் நாளின் பெரும்பகுதியை நடந்து மேய்ந்தே கழிக்கும் விலங்கை அறையிலேயே அடைத்து வைத்தால், அது ஓயாமல் பக்கவாட்டில் ஆடுவதையும் மரச்சட்டத்தைக் கவ்விக் காற்றை உறிஞ்சுவதையும் பழகிக்கொள்ளக்கூடும். இரண்டடி கூட்டிக் கட்டுவதால் அப்பழக்கங்கள் போய்விடா. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: குதிரை முழு வளர்ச்சி அடைய நான்கைந்து ஆண்டுகள் ஆகும் என்பதால், இளங்குதிரையை வாங்குபவர் அதன் இன்றைய உயரத்தை விட்டு, அதன் இனத்தின் முழு வளர்ச்சி உயரத்துக்கே அறையைக் கட்ட வேண்டும்.