ஓர் அலுவலரின் அந்தரங்க ஏடு



அலுவலகம் சென்று திரும்பும் ஒருவர் உங்கள் இல்லத்திலோ அண்டை இல்லத்திலோ இருக்கக்கூடும். மேலதிகாரியின் அறியாமை, பக்கத்து மேசைக்காரரின் சோம்பல், அமைச்சரவையின் போக்கு என அனைத்தைப் பற்றியும் அவரிடம் முடிவான கருத்து உண்டு. தேநீர் ஆறும்வரை வீட்டார் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இத்தகைய ஒருவர் தாம் கண்டதையும் பேசியதையும் செய்ததையும் ஒளிக்காமல் நாள்தோறும் எழுதி வைத்தால் எப்படி இருக்கும்? அவ்வாறு எழுதிய ஒருவர் வரலாற்றில் இருக்கிறார். லண்டன் நகரத்துச் சாமுவேல் பீப்ஸ் என்பவரே அவர்.

1633ஆம் ஆண்டு தையற்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்த பீப்ஸ், 1660ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கடற்படை வாரியத்தில் செயலர் பொறுப்பை ஏற்றார். ஆண்டுச் சம்பளம் 350 பவுண்டு. அவ்வாண்டு ஜனவரி முதல் தேதி தொடங்கிய நாட்குறிப்பை 1669 மே 31 வரை எழுதினார். பிறர் கண்ணில் பட்டாலும் எளிதில் விளங்காதிருக்கச் சுருக்கெழுத்தைக் கையாண்டார். அந்த ஏட்டின் எந்த வாரத்தைப் புரட்டினாலும் மூன்று செய்திகள் இருக்கும்: பொழுதுபோக்கு, அரசியல், அலுவலக எரிச்சல்.

இசையும் வாய்ப்பாடும்

பீப்ஸ் இசைப் பிரியர். பல கருவிகளை வாசித்தார். தாமே மெட்டும் அமைத்தார். நாடகமும் மதுவும் அவரை வெகுவாக ஈர்த்தன. வேலை கெடுவதைக் கண்டு அவற்றை விலக்குவதாகச் சபதம் எடுப்பார். மீறினால் ஏழைகளின் உண்டியலில் அபராதம் போடுவார். பிறகு சபதத்திலிருந்து நழுவச் சாக்குத் தேடுவார். அதையும் எழுதி வைப்பார்!

அவருடைய கல்வி வேட்கையோ போற்றத்தக்கது. உருப்பெருக்கியின் வழியே கண்ட நுண்பொருள்களைப் படங்களுடன் விளக்கி ராபர்ட் ஹூக் எழுதிய நூல் 1665 ஜனவரியில் கைக்குக் கிடைத்ததும் இரவு இரண்டு மணி வரை அதைப் படித்தார். கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றிருந்தும் அவருக்குப் பெருக்கல் வாய்ப்பாடு தெரியாது. மரத்தை அளக்கும் கணக்கு அறியாதவரைக் கப்பல் மர வியாபாரிகள் எளிதில் ஏய்த்துவிடுவர் அல்லவா? ஆகவே 1662 ஜூலையில், தமது 29ஆம் வயதில், கப்பல் ஊழியர் ஒருவரை ஆசிரியராக அமர்த்தி வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்தார். தம் வேலைக்குத் தேவையானதைத் தமக்குக் கீழுள்ளவரிடம் கேட்டுக் கற்க அவர் நாணவில்லை.

காபிக் கடை அரசியல்

ஏமன் நாட்டு சூஃபிகள் இரவு வணக்கத்தில் விழித்திருக்கப் பருகிய கஹ்வா, பல நாடுகளைக் கடந்து 1652ஆம் ஆண்டில் லண்டனில் கடையாகவே திறக்கப்பட்டது. விரைவில் காபிக் கடைகள் அரசியல் மன்றங்களாயின. 1660 ஜனவரியில், 'துருக்கியர் தலை' என்னும் அடையாளப் பலகை தொங்கிய கடையில் கூடிய ஒரு சங்கத்தில், எந்த ஆட்சிமுறை சிறந்தது என்ற வாதத்தைக் கேட்கப் பீப்ஸ் சென்றிருக்கிறார்.

அவருடைய அரசியலும் காற்றடித்த பக்கம் சாய்ந்ததுதான். 1649ஆம் ஆண்டு முதலாம் சார்லஸ் மன்னர் சிரச்சேதம் செய்யப்பட்டபோது பள்ளி மாணவராயிருந்த பீப்ஸ் மகிழ்ந்து பேசினார். 1660ஆம் ஆண்டு அம்மன்னரின் மகன் அரியணை ஏறத் திரும்பியபோது அழைத்துவரச் சென்ற கப்பற்படையில் பீப்ஸும் இருந்தார்! அவ்வாண்டு நவம்பரில் பழைய பள்ளித் தோழர் ஒருவர் அந்நாளைய நினைவுகளைக் கிளறியபோது, தாம் பேசிய பேச்சு அவருக்கு நினைவிருக்குமோ என்று நடுங்கியதையும் ஏட்டில் பதித்தார்.

அலுவலக எரிச்சல்

சக அதிகாரிகளான சர் வில்லியம் பேட்டன், சர் வில்லியம் பென் இருவரும் அவருக்குக் கண்ணில் விழுந்த தூசிகள். இந்தப் பென்னின் மகனே பிற்காலத்தில் அமெரிக்காவில் பென்சில்வேனியாவை நிறுவியவர். பகலில் இவர்களுடன் ஒரே மேசையில் உண்பார். இரவில் அவர்களை வஞ்சகர் என்று எழுதுவார்.

ஆனால் அந்த அலுவலகத்தின் உண்மையான துயரம் வேறிடத்தில் இருந்தது. ஹாலந்துடன் போர் நடந்த காலம் அது. அரசுக் கருவூலம் வற்றியதால் மாலுமிகளுக்கு ஊதியம் கொடுபடவில்லை. 1666 ஜூலை 10 அன்று முந்நூறுக்கு மேற்பட்ட பெண்கள் அலுவலக முற்றத்தை நிறைத்து நின்று கதறினர், சபித்தனர். ஹாலந்தில் சிறைப்பட்டுக் கிடந்த மாலுமிகளின் மனைவியரும் உறவினரும் அவர்கள். அன்றிரவு உணவுக்கான மான் இறைச்சியை மாவில் பொதிந்து சுட்டுவர வெளியே அனுப்பப் பீப்ஸ் தம்பதியர் அஞ்சினர். பசித்தவர்கள் அதன்மீது பாய்ந்துவிடுவரோ என்ற பயம்! பெண்களுக்காக அவர் மனம் வருந்தினார். மற்றவர்கள் கலைந்த பின் ஒருத்தியை மட்டும் அழைத்துச் சிறிது பணம் கொடுத்தார். அவள் வாழ்த்திச் சென்றாள்.

காகிதத்தில் காணாத காசு

இப்போது 1663 ஏப்ரல் 3ஆம் தேதிக்கு வாருங்கள். மொராக்கோவின் தான்ஜியர் அப்போது ஆங்கிலேயர் வசம் இருந்தது. அங்கு செல்லும் கப்பல்களை அமர்த்தும் வேலையைப் பீப்ஸின் தயவால் பெற்ற கேப்டன் ஒருவர், அவரிடம் ஒரு கடிதம் சேரச் செய்தார். உள்ளே பணம் இருப்பது தொட்டதுமே தெரிந்துவிட்டது. அலுவலகம் சென்று உறையைக் கிழித்தார். காசு முழுவதும் வெளியே கொட்டி முடியும்வரை அதற்குள் பார்க்கவில்லை. ஏன் தெரியுமா? நாளை எவரேனும் விசாரித்தால், "காகிதத்தில் நான் பணத்தைக் காணவில்லை" என்று சொல்லலாம் அல்லவா! விழுந்தது ஒரு பொற்காசும் நான்கு பவுண்டு வெள்ளியும்.

பேட்டன் கை நீட்டுகிறார் என்று குறைகூறிய அதே பேனா இதையும் எழுதியது. விசாரணைக்கு ஒரு பதிலைத் தேடிய அறிவால், தம் ஏட்டுக்கு ஒரு பொய்யைத் தேட முடியவில்லை. அவர் மீது சாட்சி சொல்வது அவருடைய கையெழுத்தே. மனைவிக்கு இழைத்த துரோகங்களும் அந்த ஏட்டில் உண்டு. குடும்பப் பத்திரிகைக்கு அவை ஆகா.

பீப்ஸ் திறமையற்றவர் அல்லர். 1673ஆம் ஆண்டு கடற்படைத் தலைமையகத்தின் செயலரானார். 1677ஆம் ஆண்டு கடற்படைத் துணை அதிகாரிகளுக்குத் தேர்வு வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1703ஆம் ஆண்டு காலமானார். அவருடைய ஏடு 1825ஆம் ஆண்டு முதன்முதலாக அச்சேறியது. திருத்த முடியாத காலம் கடந்த பின்னரே உலகம் அவருடைய கணக்கைப் படித்தது.

வாசகர்களே! பதவி ஓர் அமானிதம். மேலதிகாரியின் கணக்கும் மந்திரியின் கணக்கும் நமக்கு மனப்பாடம். நம் கைக்கு வந்த உறையின் கணக்கு எங்கே இருக்கிறது? இன்றிரவு உறங்குமுன் ஒரு தாளை எடுத்து, பிறர் செய்ததை ஒதுக்கிவிட்டு, நாம் செய்ததை மட்டும் நான்கு வரி எழுதிப் பாருங்கள். மூடி மறைக்கத் தோன்றும் வரி எதுவோ, நாளைக் காலையில் திருத்தத் தொடங்க வேண்டிய இடமும் அதுவே.