பறிபோன வாக்கும் மீண்ட புள்ளடியும்

பதுளை நகருக்கு அப்பால் தேயிலை மலைகளில் வாழும் நம்மவர்க்கு வாக்குச் சீட்டின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. பதுளையில் வென்றவர் எஸ். எம். சுப்பையா. மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் கொழுந்து கொய்த கைகளுட் பெரும்பாலானவை புள்ளடியிட இயலாது நின்றன.

இழந்ததை முழுமையாக மீட்க 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வரை காத்திருந்தோம்.

இன்று மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதி. பட்டியலில் யார் பெயர் இடம்பெறுவது என்பதைக் கட்சியே தீர்மானிக்கிறது. நாம் முதலிற் கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ புள்ளடியிட்டு, அதன்பின் அப்பட்டியலில் மூவர் வரை விருப்பு வாக்களிக்கலாம். ஒரே பட்டியலில் உள்ளோரும் தம்முள் போட்டியிடுவதால் செலவு பெருகுகிறது. அதற்கு வரம்பிட 2023இல் சட்டம் பிறந்தது.

2024இல் மலையகத் தமிழ்ப் பெண்கள் இருவர் முதன்முறையாகப் பாராளுமன்றம் புகுந்தனர். அவருள் அம்பிகா சாமுவேல் பதுளை மாவட்டத்தவர்.

பணம் சுவரொட்டியை ஒட்டலாம். புள்ளடியை இடுவது நம் கையே. ஒரு தலைமுறை இழந்து தவித்த உரிமையை ஒருநாட் பரிசுக்கு விற்கலாமா?