தென்னஞ்சோலையின் கதவுகள்

மாலை மயங்கியதும் பெருநகரங்களுக்கு மற்றொரு முகம் வந்துவிடுகிறது. கந்தோர்களும் பண்டகசாலைகளும் அடைபட, உணவுச்சாலைகளும் மதுச்சாலைகளும் நடனக்கூடங்களும் விளக்கேற்றிக்கொள்கின்றன. பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர் நண்பரோடு கூடியிருந்து உண்டு, இசை கேட்டு, சிறிது நேரம் கவலை மறக்க அங்கே செல்கின்றனர். உள்ளே நுழைபவர் கண்கள் மேசையைத் தேடும், மேடையைத் தேடும், தெரிந்த முகங்களைத் தேடும். வெளியே செல்லும் வழியை மட்டும் எவரும் தேடுவதில்லை. அதைத் தேடி வைத்திருக்கவேண்டிய பொறுப்பு யாருடையது என்பதை உலகிற்கு உணர்த்திய இரவு ஒன்று உண்டு.

அமெரிக்காவில் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் தலைநகராகிய பொஸ்ரனில், 1927ஆம் ஆண்டு முதல் புகழோடு நடந்துவந்த இராக்களியாட்டக்கூடம் ஒன்றின் பெயர் 'கொக்கனற் குறோவ்'. தமிழிற் கூறினால் தென்னஞ்சோலை. தென்னை வளராத அக்குளிர்நாட்டில், வெப்பமண்டலக் கடற்கரையின் மயக்கத்தை உண்டாக்கும் பொருட்டுத் துணியாலும் கடதாசியாலும் செய்த ஓலைகளைக் கொண்ட போலிமரங்கள் ஆங்காங்கே நிறுத்தப்பட்டிருந்தன. கூரையின் உட்புறத்தைத் துணி விரித்து மறைத்திருந்தனர். தரைக்குக் கீழே, நிலவறையில், மங்கிய ஒளியோடு ஒரு மதுக்கூடம் இருந்தது.

1942ஆம் ஆண்டு நவம்பர் 28ஆந் திகதி, சனிக்கிழமை. நன்றிகூறற் பெருநாளை அடுத்து வந்த விடுமுறை நாள். யுத்தகாலமாதலால், கடல்கடந்து செல்லவிருந்த போர்வீரர் பலர் தம் அன்புக்குரியவரோடு வந்திருந்தனர். சட்டப்படி ஏறக்குறைய 460 பேர் இருக்கத்தக்க கட்டடத்தில், அன்றிரவு ஆயிரம் பேரளவில் நெருங்கியிருந்தனர்.

இரவு பத்தேகால் மணியளவில், நிலவறை மதுக்கூடத்தில் எவரோ ஒருவர் இருளை விரும்பி ஒரு மின்குமிழைக் கழற்றிவிட்டார். அதனை மீண்டும் பொருத்துமாறு பதினாறு வயதுப் பணியாள் ஒருவன் ஏவப்பட்டான். இடம் தெரியாமையால் அவன் ஒரு தீக்குச்சியைக் கிழித்தான். குமிழைப் பொருத்தியபின் அதை அணைத்தும் விட்டான். சிறிது நேரத்தில் அப்போலித்தென்னையின் ஓலைகளிடையே தீ காணப்பட்டது. அத்தீக்குச்சியே காரணம் என ஊரார் பலர் நம்பினர். ஆனால் உத்தியோக விசாரணையோ, தீ மூண்ட காரணம் நிச்சயிக்கப்படவில்லை என்றே முடிவு கூறிற்று. அச்சிறுவன் குற்றவாளியாக்கப்படவில்லை.

கூரைத்துணியைப் பற்றிய தீ, படிக்கட்டின் வழியே மேலேறி, ஐந்து நிமிட அளவில் கட்டடம் முழுவதும் பரவிற்று. இனி அங்கிருந்த வாயில்களை ஒவ்வொன்றாக நோக்குதல் வேண்டும். நிலவறைப் படிகளின் மேல், தள்ளினாற் திறக்கும் சட்டம் பொருத்திய அவசரக் கதவொன்று இருந்தது, அது பூட்டப்பட்டிருந்தது. தெருவை நோக்கிய பெரிய கண்ணாடிச் சாளரங்கள் பலகையடித்து மறைக்கப்பட்டிருந்தன. சில நாள்களுக்கு முன் திறக்கப்பட்ட புதிய மதுக்கூடத்தின் கதவு உட்புறமாகத் திறப்பது. தலைவாயிலிலே நின்றது ஒரு சுழற்கதவு.

கதவு உட்புறமாகத் திறந்தால் என்ன, வெளிப்புறமாகத் திறந்தால் என்ன என்று எண்ணத் தோன்றும். அமைதியான வேளையில் இரண்டும் ஒன்றே. உள்ளே வரும் கதவைத் திறக்க, முன்னிற்பவர் ஓரடி பின்வாங்கவேண்டும். பின்னால் நூறு பேர் நெருக்கும்போது ஓரடியேனும் பின்வாங்குதல் இயலாது. வெளியேறத் துடிக்கும் கூட்டமே கதவை அடைத்துப் பிடிக்கும் தாழாகிவிடுகிறது. சுழற்கதவின் நிலையும் அவ்வாறே: ஒருவர்பின் ஒருவராகச் சென்றால் அது சுழலும், இருபக்கத்துச் சிறைகளையும் ஒரே வேளையில் தள்ளினால் அசையாது நின்றுவிடும். மேலும், ஆபத்து நேர்ந்தால் மனிதர் தாம் வந்த வழியையே நாடுவது இயல்பு. ஆதலின் பெருங்கூட்டம் அச்சுழற்கதவையே நாடிற்று. அதன் பின்னால் ஏறக்குறைய இருநூறு உடல்கள் குவிந்து கிடந்தன.

தீயணைக்கும் படையினர் தூரத்தில் இருக்கவில்லை. அயலில் மோட்டார் வண்டியொன்றிற் பற்றிய தீயை அணைக்க வந்திருந்த அவர்கள் உடனே விரைந்தனர். எனினும் 492 பேர் மாண்டனர். தீயினும் நச்சுப்புகையே பலரது உயிரைக் கவர்ந்தது. குதிரைவீரனாக நடித்துப் புகழ்பெற்ற திரைப்பட நடிகர் பக் ஜோன்ஸும் அக்காயங்களால் இறந்தார். கதவுகள் வெளிப்புறமாகத் திறந்திருக்குமாயின் முந்நூறு பேரேனும் தப்பியிருப்பர் எனத் தீயணைக்கும் அதிகாரிகள் பின்னர்ச் சாட்சி கூறினர்.

கதவுகளைப் பூட்டியது ஏன்? உண்டு குடித்தவர் பணம் செலுத்தாது நழுவிவிடலாகாது என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். சில மேசைகளின் கணக்கைக் காப்பதற்காக வைத்த தாழ் அது. இவ்வளவிற்கும், அதே மாதத்திற்றான் நகரத்துத் தீத்தடுப்புப் பரிசோதகர் ஒருவர் அக்கட்டடத்தைப் பார்வையிட்டு, நிலைமை நன்று என அறிக்கை எழுதியிருந்தார்.

கூடத்தின் உரிமையாளர் பார்னெட் வெலான்ஸ்கி அன்றிரவு அங்கிருக்கவில்லை. நோயுற்று வைத்தியசாலையில் இருந்தார். ஆயினும் 1943ஆம் ஆண்டில் அவர் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு, பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டுகள் வரையான சிறைத்தண்டனை பெற்றார். பொதுமக்களைத் தன் இடத்திற்கு அழைப்பவன் அவர்தம் பாதுகாப்பைக் கவனியாது விடுதலும், அவர்களுக்குத் தீங்கு செய்தலை ஒத்த குற்றமேயாகலாம் என மாநில உயர் நீதிமன்று 1944இல் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. கடும் நோயுற்ற அவர் 1946இல் மன்னிக்கப்பட்டார். மன்னிப்பளித்த ஆளுநர் மொறிஸ் ரோபின், தீ மூண்ட இரவில் பொஸ்ரன் நகரபிதாவாக இருந்தவர். விடுதலையான சில மாதங்களில் வெலான்ஸ்கி இறந்தார்.

அவ்விரவின் துயரத்திலிருந்து மருத்துவமும் கற்றுக்கொண்டது. தீப்புண்களை அழுத்தமான மருந்துகளால் மூடும் பழைய முறையை விட்டு, மென்மையான களிம்புத் துணியால் கட்டும் முறை மசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையிற் கையாளப்பட்டது. அந்நாளில் மிக அரிதாயிருந்த பெனிசிலின், நியூ ஜேர்சியிலிருந்து அவசரமாகக் கொண்டுவரப்பட்டது. உற்றாரை இழந்தோரது மனத்துன்பத்தை ஆராய்ந்த உளமருத்துவர் எரிக் லிண்டமன், 1944இல் வெளியிட்ட கட்டுரையில், துக்கமும் ஆற்றுப்படுத்தவேண்டிய ஒரு நிலையென விளக்கினார். உடலிற் காயமின்றித் தப்பியவர்க்கும் உதவி தேவை என்னும் எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது.

சட்டங்களும் மாறின. சுழற்கதவு இருக்குமிடத்தில் அதன் அருகே வெளிப்புறம் திறக்கும் சாதாரணக் கதவுகளும் இருத்தல்வேண்டும். எளிதிற் தீப்பற்றும் அலங்காரங்கள் கூடா. வெளியேறும் வழியைக் காட்டும் விளக்கு, மற்ற விளக்குகள் அணைந்தாலும் எரிதல்வேண்டும். கூட்டம் இருக்கும்வரை வாயில் பூட்டப்படலாகாது. இன்று பல நாடுகளின் திரையரங்குகளிலும் விருந்துக்கூடங்களிலும் கதவின்மேல் ஒளிரும் அச்சிறு விளக்கிற்கு அவ்விரவின் நினைவும் எண்ணெயாய் இருக்கிறது.

ஆயினும் கற்ற பாடம் எளிதில் மறக்கப்படுகிறது. 2003ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்து இசைக்கூடமொன்றில், மேடை வாணத்தின் பொறி சுவரிலிருந்த ஒலியடக்கும் நுரைப்பொருளைப் பற்றியதால் 100 பேர் மாண்டனர். 2013ஆம் ஆண்டு சனவரி 27ஆந் திகதி, பிரேசிலின் சந்த மரியா நகரத்து இராக்கூடமொன்றிலும் அவ்வாறே தீ மூண்டு 242 பேர் இறந்தனர். வெளியேற ஒரே வாயில்தான் அங்கிருந்தது. தீயென்றறியாத காவலர் சிலர், பணம் செலுத்தாது ஓடுகின்றனர் என்றெண்ணி முதலிற் தடுத்ததாகத் தப்பியோர் கூறினர். எழுபது ஆண்டுகள் கழிந்தும், மேசைக் கணக்கு மீண்டும் வாயிலில் வந்து நின்றது.

இரவில் நகரத்து விளக்குகளை நாடிச் செல்வது குற்றமன்று. உழைத்தவன் சிறிது மகிழ்ந்திருத்தல் நியாயமே. மகிழ வருபவன் கட்டணத்தோடு தன் உயிரையும் நம்பி ஒப்படைக்கிறான். அதை ஏற்பவன் விளக்கும் இசையும் அமைக்குமுன் வாயிலை அமைக்கக் கடமைப்பட்டவன். அமைத்தானா என்று பார்ப்பது பரிசோதகர் கடமை. வருபவருக்கும் ஒரு சிறு கடமை உண்டு. புதியதொரு கூடத்தில் அமர்ந்ததும் ஒருமுறை தலையைத் திருப்பி, வந்த வழியன்றி வேறு வழி எங்கே உள்ளது என்று பார்த்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு கணமே வேண்டும். பார்த்தபின் இசையைக் கேட்கலாம், உணவைச் சுவைக்கலாம்.