ஆமி வராத ஊருக்கும் வந்த விளைவுகள்

சிலாபத்தை அடுத்த முன்னேஸ்வரத்துக்கு இந்திய ஆமி வரவில்லை. அவர்கள் வடக்கு கிழக்கோடு நின்றுகொண்டார்கள். ஆனாலும் 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்த்தனவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் வைத்த கையெழுத்து புத்தளக் கரையையும் விட்டுவைக்கவில்லை.

வடமராட்சியில் இலங்கைப் படை நடத்திய போர், தமிழ்நாட்டின் கொதிப்பு, திருகோணமலைத் துறைமுகம் பிறர் கைக்குப் போய்விடுமோ என்ற டில்லியின் கவலை: ஒப்பந்தத்துக்குக் காரணங்கள் இவை. ஒப்பந்தத்தோடு மாறிய கடிதங்களில் வெளிநாட்டு வானொலிகள் பற்றியும் ஒரு நிபந்தனை இருந்தது. டில்லியை உறுத்திய ‘அமெரிக்கக் குரல்’ (VOA) வானொலியின் நிலையம் பின்னாளில் எழுந்ததோ, சிலாபத்துக்குத் தெற்கே இரணவிலவில்!

இந்தியப் படையை அழைத்தது கொழும்பு அரசுதான். ஆகவே சர்வதேச சட்டப்படி இது படையெடுப்பு அல்ல. ஆனால் அரசின் சம்மதம் குடிமக்களின் உயிரைப் பணயம் வைக்கும் உரிமை ஆகாது. பொதுமக்களுக்குக் கேடு நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது என்று அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. அதன் பெரிய குறை இதுதான். 1987 அக்டோபர் 10 அன்று இந்தியப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. அதே மாதம் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையிலும் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். 1,100க்கு மேற்பட்ட இந்தியப் படையினரும் மாண்டார்கள். தெற்கில் ஒப்பந்தத்தை எதிர்த்து ஜே.வி.பி. கிளர்ந்தது, அதை அடக்கியபோது சிங்கள இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் காணாமற்போனார்கள். 1990 மார்ச் 24 அன்று கடைசிப் படையினரும் கப்பலேறினார்கள். ஜூனில் அரசுக்கும் புலிகளுக்கும் மறுபடியும் போர். அக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை விரட்ட, பெரும்பகுதியினர் நம் புத்தளம் மாவட்டத்தில்தான் வந்து இறங்கினார்கள்.

அந்தக் காலத்தில் காணாமற்போனவர்களுக்காக இன்றும் முறையிடலாம். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த காணாமற்போனோர் அலுவலகத்துக்குக் காலவரம்பு கிடையாது. மரணச் சான்றிதழ் வாங்க மனம் ஒப்பாத குடும்பம், ஆளைக் காணவில்லை என்பதற்கான சான்றிதழைப் பதிவாளர் நாயகத்திடம் கேட்கலாம். காணி, வங்கி, உதவித்தொகை வேலைகளுக்கு அது பயன்படும். ஆனால் காணாமற்போனோர் அலுவலகம் தேடும், விசாரிக்கும்; எவரையும் தண்டிக்காது. அதைத் தெரிந்துகொண்டே போங்கள். நட்டஈடு வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்கும் தரகரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

ஒப்பந்தம் தந்த நல்லதும் ஒன்று உண்டு. 1987 நவம்பரில் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் சிலாபம் போன்ற இடத்திலும், பிரதேச செயலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். மொழிப் பாகுபாடு அடிப்படை உரிமை மீறல். ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது.

சிங்களத்தில் மட்டும் எழுதிய அரசுக் கடிதம் கையில் இருந்தால், அந்த ஒரு மாதத்தைக் கணக்கிட, கிடைத்த திகதியை இன்றே அதன்மேல் குறித்து வையுங்கள்.