நீச்சல் குளத்துக்கு உள்ளே என்ன போடலாம்? கரிசல் பூமியில் குளம் வைத்திருப்பவர்கள் கவனிக்க!

'பாளையம்பட்டியில் நீச்சல் குளமா?' என்று யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். தோட்டத்து மோட்டார் தொட்டியில் தொபுக்கடீர்னு குதித்து வளர்ந்தவர்களுக்கு, வீட்டுக்குப் பின்னால் ஒரு குளம் என்பது அப்படியொன்றும் அதிசயமில்லை. சிக்கல் குளம் கட்டும்போது வருவதில்லை. சில வருஷம் கழித்து உள்பூச்சு உரிந்து, டைல்ஸ் பெயர்ந்து, 'புதுசா என்ன போடலாம்?' என்று கேட்கும்போதுதான் வருகிறது.

கடைக்காரர் நீல நிற கேட்லாக்கை நீட்டுவார். கலரைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு போட்டுவிடுங்கள். 20 அடி நீளம், 10 அடி அகலம், 4 அடி ஆழம் என்றால் உங்கள் குளம் சுமார் 22,600 லிட்டர் பிடிக்கும். 12,000 லிட்டர் லாரியில் ஏறக்குறைய இரண்டு லோடு. உள்பூச்சை மாற்ற ஒவ்வொரு முறையும் இவ்வளவையும் வெளியேற்றி, மறுபடி நிரப்ப வேண்டும். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் தண்ணீரின் மதிப்பு உங்களுக்கே தெரியும். ஆகவே, 'எது அழகு?' என்பதைவிட, 'எதைப் போட்டால் குளத்தைக் காலி செய்யும் வேலை குறையும்?' என்பதே முதல் கேள்வி.

இன்னொரு கணக்கு. கூலியும் பொருளும் சதுர அடிக்குத்தான் பேசுவார்கள். மேலிருந்து பார்த்தால் இந்தக் குளம் 200 சதுர அடி. நாலு பக்கச் சுவரையும் சேர்த்தால் 440 சதுர அடி. பட்ஜெட் போடும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

முதலில் வாளி டெஸ்ட்

தண்ணீர் குறைவது வெயிலாலா, கசிவாலா? கண்டுபிடிக்க ஒரு வாளி போதும். குளத்துத் தண்ணீரையே வாளியில் நிரப்பி, குளத்தின் படியில் வையுங்கள். வாளிக்குள் நீர்மட்டத்தையும் வெளியே குளத்தின் மட்டத்தையும் மார்க் செய்யுங்கள். மோட்டாரை நிறுத்திவிட்டு 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது வெயில் குடித்தது. குளம் மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் கசிவு. மேலே சொன்ன அளவுள்ள குளத்தில் 3 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினால், தினமும் சுமார் 55 லிட்டர் மண்ணுக்குள் போகிறது என்று அர்த்தம்.

கசிவு இருந்தால் அதைச் சரிசெய்யாமல் மேலே எதைப் போட்டாலும் வீண். டைல்ஸோ பெயின்ட்டோ தண்ணீரைப் பிடித்து வைப்பதில்லை. அந்த வேலையைச் செய்வது கான்கிரீட்டும், அதன்மேல் போடும் வாட்டர்ப்ரூஃபிங்கும்தான். குழாய் நுழையும் இடம், லைட் பதித்த இடம் இரண்டையும் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

கரிசல் அசையும்

கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அதில் உட்கார்ந்திருக்கும் தொட்டியும் கூடவே அசையும். மேற்பூச்சில் மட்டும் தலைமுடி கனத்தில் வலைபோல ஓடும் கீறல் பெரிய விஷயமில்லை. ஆனால், அடைத்த இடத்திலேயே திரும்பத் திரும்ப வரும் விரிசலும், நகம் நுழையும் அளவு விரிசலும் கான்கிரீட்டிலிருந்தே வரலாம். அதற்குக் கொத்தனாருக்கு முன்னால் ஒரு ஸ்ட்ரக்ச்சுரல் இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள்.

உங்கள் போர் தண்ணி எப்படி?

வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்ததை ஈடுகட்ட போர் தண்ணியை விட விட, குளத்தில் கால்சியம் ஏறிக்கொண்டே போகும். நீர்மட்டக் கோட்டில் வெள்ளையாகப் படிவது இதுதான். குளத்து நீரில் கால்சியம் கடினத்தன்மை லிட்டருக்கு 200 முதல் 400 மில்லிகிராம், பி.ஹெச். 7.2 முதல் 7.8 வரை இருப்பது நல்லது. அதிகமானால் படியும். ரொம்பக் குறைந்தாலோ, சிமென்ட் பூச்சிலிருந்து சுண்ணாம்பைத் தண்ணீரே அரித்து எடுத்துக்கொள்ளும்.

போர் தண்ணியை லேபில் கொடுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். 2003-லிருந்து தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் மாடியில் குழாய் ஏற்கெனவே இருக்கும். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அடுத்த தண்ணீரை வடிகட்டிக் குளத்தில் சேர்த்தால் உப்பு குறையும். லாரிச் செலவும் மிச்சம்.

கடின நீருக்கு பிளீச்சிங் பவுடர் போட்டால் கால்சியம் இன்னும் கூடும். திரவ குளோரின் மேல். கறை போக ஆசிட் ஊற்றும் பழக்கம் வேண்டாம். குறிப்பாக, ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் விஷவாயு வரும். உயிருக்கே ஆபத்து.

எது யாருக்கு?

பெயின்ட்: செலவு குறைவு, ஆயுளும் குறைவு. எபாக்ஸி பெயின்ட்கூட வெயிலில் வெளுத்து, மாவுபோல உதிரும். சில வருஷத்துக்கு ஒருமுறை குளத்தைக் காலி செய்ய வேண்டும். நம்ம ஊருக்கு இது மலிவு மாதிரி தெரியும் செலவு.

வெள்ளை சிமென்ட் பூச்சு: வெள்ளை சிமென்ட்டும் மார்பிள் பவுடரும் கலந்தது. பார்க்க நன்றாக இருக்கும். ஆனால், பூசியதும் இடைவிடாமல் நிரப்ப வேண்டும். பாதியில் நிறுத்தினால் அந்த மட்டத்தில் வளையம் விழுந்துவிடும். போர் விட்டு விட்டு ஓடுகிறது, லாரி நாளைக்குத்தான் வரும் என்றால் இது ஒத்துவராது. சூடான காற்றில் சீக்கிரம் காய்ந்து கீறலும் விடும். கூழாங்கல் கலந்த பூச்சு இதைவிட நாள்படும், ஆனால் குழந்தைகளின் பாதத்துக்குச் சொரசொரப்பு.

டைல்ஸ்: தொட்டி உறுதியாக இருந்தால் முதல் சாய்ஸ். நீரை உறிஞ்சும் அளவு 0.5 சதவிகிதத்துக்கு மேல் போகாத சின்ன மொசைக் டைல்ஸ் எடுங்கள். ஒட்டுவதற்கு, தண்ணீருக்கடியில் போடத் தகுந்த டைல் அட்ஹெசிவ். இடைவெளிக்கு எபாக்ஸி கிரவுட். சாதா சிமென்ட் கிரவுட்டைக் குளத்துக் கெமிக்கல் அரித்துவிடும். டைல்ஸ் நன்றாக இருந்தும் குளம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பி.வி.சி. லைனர்: இழை வலை வைத்த, 1.5 மில்லிமீட்டர் கனமுள்ள ஷீட்டைக் குளத்துக்குள் விரித்து, சூட்டில் ஒட்டுவார்கள். தொட்டியோடு முழுதாக ஒட்டாததால், சின்ன விரிசல்கள் இதைக் கிழிப்பதில்லை. கரிசலில் லேசாக அசையும் குளத்துக்கும், குளமாக மாற்ற நினைக்கும் பழைய மோட்டார் தொட்டிக்கும் ஏற்றது. கூர்மையான பொருள் பட்டால் கிழியும், ஆனால் ஒட்டுப்போடலாம்.

கடப்பா கல்: சுண்ணாம்புக்கல் வகை. ஆசிட் பட்டால் அரிக்கும். உள்ளே வேண்டாம்.

'அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சாந்து போடலாமா?' என்றும் சிலர் கேட்கிறார்கள். 1895-ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்துக் கட்டியதுதான். சுர்க்கி என்பது செங்கல் தூள். ஆனால், செட்டிநாட்டு வீடுகளில் பளபளக்கும் முட்டைச் சாந்து சுவருக்கானது. குளோரின் தண்ணீருக்குள் அதை நம்ப வேண்டாம்.

கலர் என்பது பாதுகாப்பு

கரும்பச்சை, கறுப்பு டைல்ஸ் போட்டோவில் அசத்தும். ஆனால், குழந்தை மூழ்கிக் கிடந்தால் மேலிருந்து தெரியாது. தரை கண்டிப்பாக வெளிர் நிறத்தில் இருக்கட்டும். படி விளிம்புக்கு மட்டும் அடர்நிறப் பட்டை. படியிலும் ஆழம் குறைந்த இடத்திலும் வழுக்காத டைல்ஸ். வெளிர் நிறத்தில் உப்புக்கறையும் அவ்வளவாகத் தெரியாது என்பது போனஸ்.

எப்போது செய்யலாம்?

ஐப்பசி, கார்த்திகையில் குளத்தைக் காலி செய்யாதீர்கள். மண்ணில் ஊறிய தண்ணீர் அழுத்தினால் காலித் தொட்டி மேலே எழும்பி விரிசல் விடலாம். பொங்கல் முடிந்து, வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிப்பது நல்லது. குளோரின் போடுவதை நிறுத்திச் சில நாள் வெயிலில் விட்டு, டெஸ்ட் கிட்டில் குளோரின் இல்லை என்று பார்த்தபிறகு அந்தத் தண்ணீரைத் தென்னைக்குப் பாய்ச்சலாம். உப்பு நீச்சல் குளமாக இருந்தால் அதுவும் வேண்டாம்.

கான்ட்ராக்டரிடம் கேளுங்கள்

- பழைய பூச்சை முழுசாகப் பெயர்த்து எடுப்பீர்களா, அதன்மேலேயே போடுவீர்களா?
- வாட்டர்ப்ரூஃபிங் முடிந்ததும், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் தண்ணீர் நிரப்பி டெஸ்ட் செய்வீர்களா?
- அட்ஹெசிவ், கிரவுட் என்ன வகை? பில்லில் எழுதித் தருவீர்களா?
- எத்தனை நாள் காய வேண்டும்? எப்படி நிரப்ப வேண்டும்?
- வாரன்டி பொருளுக்கா, வேலைக்கும் சேர்த்தா?

டெஸ்ட்டுக்கு நிரப்பும் தண்ணீரும் லாரித் தண்ணீர்தானே என்று தோன்றும். அதைப் பக்கத்துத் தொட்டிக்கு மாற்றி வைத்துத் திரும்ப விடலாம். டைல்ஸ் ஒட்டிய பிறகு கசிவு தெரிந்தால், திரும்ப எடுக்க முடியாத செலவு அது.