சாக்கு எடை கழித்துத் தூசியை நிறுக்கும் கருவி

அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை 1979இல் தொடங்கிய காலத்தில் நம்மில் மூத்தவர்கள் பெர்மிட் சிமெண்ட் விற்றுக்கொண்டிருந்தார்கள். 1982இல் பாதியும் 1989இல் முழுவதுமாகக் கட்டுப்பாடு நீங்கிய பிறகு, மளிகைக் கடைக்காரர்களும் பக்கத்தில் ஒரு கொட்டகை போட்டு மூட்டை இறக்கலானார்கள். மூட்டைக்குக் கணக்கு வைத்த நாம், இறக்கும்போது எழும் தூசிக்கு மட்டும் கணக்கு வைக்கவில்லை.

நம் கிடங்கில் பல ஆண்டுகள் சுமை தூக்கிய ஒருவர் இருமல் தாளாமல் வேலையை விட்டு நின்றார். அவரை அழைத்துச் சென்றபோது, "ஒரு நாளைக்கு எவ்வளவு தூசி சுவாசித்திருப்பார்?" என்று டாக்டர் கேட்டார். நாம் விழித்தோம். தூசியைக் கண்ணால் பார்த்திருக்கிறோமே தவிர, அளந்ததில்லை.

அளக்கும் கருவி இருக்கிறது. இங்கிலாந்தில் ஹார்வெல் அணு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஷெர்வுட், கிரீன்ஹால்ஷ் என்ற இருவர் 1960இல் இதைப் பற்றி எழுதினார்கள். அதுவரை சுவரோரம் ஒரு கருவியை வைத்து அறைக் காற்றை அளப்பதே வழக்கம். தூசியோ வேலை செய்பவரின் முகத்தருகே எழுகிறது. ஆகவே கருவியை ஆளின் உடம்பிலேயே மாட்டிவிட்டார்கள். மூக்கிலிருந்து ஒரு அடிக்குள் உள்ள காற்றே கணக்கில் வர வேண்டும்.

இதன் அமைப்பு எளிது. இடுப்பில் பேட்டரியால் ஓடும் சிறு பம்பு. அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் சட்டைக் காலர்வரை செல்லும். குழாயின் முனையில் ஒரு சிமிழ், அதற்குள் வடிதாள். பம்பு காற்றை இழுக்கும், தூசி தாளில் தங்கும். தாளை வேலைக்கு முன்னும் பின்னும் நிறுக்க வேண்டும். நாம் சாக்கு எடையைக் கழிப்பதில்லையா, அதே கணக்குத்தான். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 8 மணி நேரம் இழுத்தால் 960 லிட்டர் காற்று. தாளில் 4.8 மில்லிகிராம் கூடியிருந்தால், ஒரு கன மீட்டருக்கு 5 மில்லிகிராம் தூசி என்று பொருள்.

மில்லிகிராம் கணக்கில் ஈரம் புகுந்தால் எல்லாம் கெட்டுவிடும். மழைக்காலத்தில் உப்பு மூட்டை எடை கூடுவது நமக்குத் தெரியும். சாதாரணத் தாளும் அப்படியே. அதனால்தான் ஈரம் உறிஞ்சாத பி.வி.சி. தாளைப் போடுகிறார்கள். தூசி படியப் படியத் தாள் அடைபடும். அப்போதும் பம்பு ஒரே அளவாக இழுக்க வேண்டும். நம் தராசுக்கு முத்திரை போடுவதுபோல, காலையிலும் மாலையிலும் காற்றின் அளவைச் சோதித்த பிறகே அந்தக் கணக்கை ஏற்பார்கள்.

எல்லாத் தூசியும் ஒன்றல்ல. பருந்துகள் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். சுமார் 4 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள நுண்துகள்தான் நுரையீரலின் அடிவரை போகிறது. இதைப் பிரிக்க வடிதாளுக்கு முன் 'சைக்ளோன்' என்னும் சிறு கூம்பு வைக்கிறார்கள். அதில் காற்று சுழலும்போது பருந்துகள் கீழே விழுந்துவிடும்.

தொழிற்சாலைச் சட்டத்தில் 1987இல் சேர்த்த அட்டவணை, சிமெண்ட் தூசிக்கு மொத்தமாகக் கன மீட்டருக்கு 10 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. கல் தூசிக்குக் கணக்கு வேறு. நுண்தூசியில் உள்ள குவார்ட்ஸ் சதவீதத்தோடு 2 கூட்டி, அதனால் 10ஐ வகுக்க வேண்டும். 18 சதவீதம் குவார்ட்ஸ் என்றால் வரம்பு அரை மில்லிகிராம்தான்! பெரம்பலூர்ப் பக்கம் ஜல்லி கிரஷர் வைத்திருக்கும் உறுப்பினர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சிலிகோசிஸ் வந்த நுரையீரலைப் பழையபடி ஆக்க மருந்து கிடையாது.

நம் ஊருக்கு ஒரு சிக்கல் உண்டு. இந்தக் கருவி காலரும் பெல்ட்டும் உள்ளவருக்காகச் செய்தது. நம் லோடுமேனோ பனியனும் கைலியுமாக, தலையில் துண்டைச் சுற்றி, 50 கிலோ மூட்டையைப் பிடரியில் ஏற்றுகிறார். முதுகு வழியே வரும் குழாய் மூட்டைக்கு அடியில் நசுங்கும், சிமிழ் மூட்டையில் இடிபடும். அவருக்குத் தோளில் மாட்டும் வார்ப்பட்டை வேண்டும். குழாய் விலாப் பக்கமாக வந்து, சிமிழ் நெஞ்சின் மேல் நிற்க வேண்டும். பம்பு கனமாக இருந்தால் அரை மணியில் கழற்றி வைத்துவிடுவார். கழற்றி வைத்த கருவி கிடங்குச் சுவரின் காற்றைத்தான் அளக்கும்.

இத்துறையில் ஆய்வு செய்யும் தேசிய தொழில்சார் சுகாதார நிறுவனம் அகமதாபாத்தில் உள்ளது. தென்னகத்துக்கான அதன் மையம் பெங்களூரில் இருக்கிறது. ஒரு கடைக்காரர் தனியாக இந்தக் கருவியை வாங்குவது கட்டாத காரியம். நம் சங்கத்தின் பெயரில் எழுதிக் கேட்டு, நான்கைந்து கிடங்குகளில் ஒரு நாள் அளக்கச் செய்யலாம் என்பது நம் எண்ணம். லாரி மேல் நிற்பவர், சுமப்பவர், அடுக்குபவர், கூட்டுபவர் என நால்வருக்கும் தனித்தனியே மாட்ட வேண்டும். நம் ஊகம், கூட்டுபவருக்கே அதிகம் வரும்.

அதுவரை கிழிந்த மூட்டையைத் தனியே எடுத்து வையுங்கள். மூட்டையை உயரத்திலிருந்து போட விடாதீர்கள். கூட்டும்போது கதவைத் திறந்து வையுங்கள். முகத்தில் கட்டும் துண்டு பருந்தூசியை ஓரளவு தடுக்கும், நுண்தூசியைத் தடுக்காது. என்-95 முகக்கவசத்தை முகத்தோடு ஒட்டும்படி அணியச் செய்யுங்கள். தம் கிடங்கில் அளக்கச் சம்மதிப்பவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். முதல் பெயராக நம் கிடங்கை எழுதிக் கொடுத்துவிட்டோம்.